மிளகு நிறுக்க எழுந்து வந்தவர்

திருநெல்வேலியில் பொருநை வரலாற்று வட்டம் என்று ஒன்று இருந்தது. அதில் பதினெட்டுப் பேர் இருந்தார்கள். பதினெட்டுப் பேருக்கும் பென்ஷன் வந்தது, பதினெட்டுப் பேருக்கும் முழங்கால் வலித்தது, இடிந்த சுவரைக் கண்டுவிட்டால் பதினெட்டுப் பேருக்கும் சோறு தண்ணீர் மறந்துபோகும் என்று அவரவர் வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டார்கள். இதில் கடைசியாகச் சொன்னது மட்டும் சுத்தப் பொய். மத்தியதரைக் கடலுக்கு நடுவில் இருக்கும் சாந்தலூமியா என்ற தீவுக்குப் பத்து நாள் விடுமுறை போவதென்று முடிவானபோது, எந்தக் கோட்டையைப் பார்ப்பது, எந்தக் கோயில் தூணைத் தொட்டுப் பார்ப்பது என்பதையெல்லாம் அரைமணி நேரத்தில் பேசி முடித்தவர்கள், அங்கே போய்ச் சாம்பாருக்கு என்ன வழி என்பதை மட்டும் நாலு கூட்டம் போட்டுப் பேசினார்கள். நாலாவது கூட்டத்தில், அரிசி, பருப்பு, புளி, மிளகு, நெய் எல்லாவற்றோடும் தவசுப்பிள்ளை ஆவுடைநாயகத்தையும் கட்டி ஏற்றிக்கொண்டு போய்விடுவது என்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று.

தவசுப்பிள்ளை என்றால் அந்தச் சீமையில் கல்யாணச் சமையல்காரர். ஆவுடைநாயகம் முப்பத்தோரு வருஷமாக ஐந்நூறு இலை, ஆயிரம் இலை என்று போட்டுப் பழகிய கை. சரித்திரத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; போன முகூர்த்தத்துக்கு என்ன பாயசம் வைத்தோம் என்பதற்கு மேல் பழைய காலத்தைப் பற்றி அவர் நினைத்ததே கிடையாது. அப்படிப்பட்டவர் கிளம்பியதற்குக் காரணம், வரமாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள் என்ற பயம்தான்.

ஏனென்றால் ஆவுடைநாயகத்துக்கு நாக்கு செத்துப்போயிருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் ஐப்பசி அடைமழையில் வந்த காய்ச்சல், பதினோராம் நாள் அவரை விட்டு இறங்கிப் போகும்போது அவருடைய மூக்கையும் நாக்கையும் கூடவே கூட்டிக்கொண்டு போய்விட்டது. அன்றிலிருந்து பெருங்காயமும் சாக்பீஸும் அவருக்கு ஒன்று, பாயசமும் வெந்நீரும் ஒன்று. உலகத்தில் இது ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அது அவர் மனைவி உலகம்மாள். அண்டாவில் விரலைத் தொட்டு நாக்கில் வைத்து, யாரும் பார்க்காதபோது கண்ணால் ஒரு சாடை காட்டுவாள். அந்தச் சாடையை வைத்துத்தான் இரண்டு வருஷமாக அவர் பேர் நிலைத்தது. இப்போது மகளுக்கு எட்டாம் மாசம், உலகம்மாள் வீட்டை விட்டு அசைய முடியாது. முதல் தடவையாக ஆவுடைநாயகம் தனியாகக் கரண்டி பிடிக்கப் போகிறார், அதுவும் கடல் தாண்டி.

வட்டத்தின் தலைவர் குற்றாலலிங்கம், நில அளவைத் துறையில் சங்கிலி பிடித்து ஓய்வு பெற்றவர். பேச்சிலும் அப்படியே, ஓர் அங்குலம் கூடக் குறையப் பேசமாட்டார். கிளம்புகிற அன்றைக்கே சொல்லிவிட்டார்.

"வேய் ஆவுடை, தையில பேத்தி கல்யாணம், மூவாயிரம் இலை. கொஞ்ச நாளா உம்ம கை ஒரு மாதிரியா தடுமாறுதுன்னு காதுல விழுது. பத்து நாள் சாப்பிட்டுப் பாக்குதேன். பாத்துட்டுப் பேசுவோம்."

ஆவுடைநாயகம் சிரித்துவைத்தார். குற்றாலலிங்கம் வீட்டுக் கல்யாணம் கை நழுவினால் அதோடு போகாது, ஊரில் அடுத்த முகூர்த்தத்துக்கு ஒருத்தரும் கூப்பிடமாட்டார்கள். ஐம்பத்தெட்டு வயசில் அவருக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

சாந்தலூமியாவில் அவர்கள் தங்கிய விடுதி, பழைய துறைமுகத்துக்கு மேலே படிப்படியாக ஏறிப்போகும் சந்தில் இருந்தது. விடுதிக்காரி கார்மேலா கை நிறைய மாவோடும் வாய் நிறையப் பேச்சோடும் திரிகிற பெண்மணி. தன் அடுப்படியில் பாதியை ஆவுடைநாயகத்துக்குக் கொடுத்துவிட்டாள். மொழிக்கு யோகமலர் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் அகதியாக வந்திறங்கி, கார்மேலாவின் விடுதியில் அறை கூட்டத் தொடங்கி, இப்போது அந்த விடுதியே அவள் இடுப்புச் சாவிக்கொத்தில்தான் தொங்கியது. அவளுக்கு ஒரு பேத்தி பிறந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. நாளுக்கு முந்திப் பிறந்த பிள்ளை, எடை குறைவு. தினமும் தீவின் சின்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் நிறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் மத்தியானம் வைத்த சாம்பார் உப்புக் கடலாகிவிட்டது. ஐந்நூறு பேருக்கு அள்ளிப் போட்ட கை பதினெட்டுப் பேருக்கு எங்கே நிற்கவேண்டும் என்று அறியாது, அந்த ஊர்க் கல்லுப்போ இரட்டை வீரியம். எல்லாரும் பேசாமல் செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை செண்பகவடிவு மட்டும் மனசு கேட்காமல், "தண்ணி மாறினா அப்பிடித்தான் ஆவும் அண்ணாச்சி" என்றாள். பயந்துபோன ஆவுடைநாயகம் சாயங்கால ரசத்துக்குக் கையை அடக்கினார். அடக்கின அடக்கலில் உப்பு ரசத்தின் பக்கமே போகவில்லை. குற்றாலலிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாளைக்கு ஒரு நாள் பாப்போம்வே. சரிப்படலன்னா இந்த ஊர்க்காரங்க தார ரொட்டியத் தின்னு நாங்க சமாளிச்சுக்கிடுதோம். நீரும் கரண்டியக் கீழ வச்சிட்டு எங்ககூட கோட்டையப் பாக்க வாரும்."

ஒரு தவசுப்பிள்ளையைப் பார்த்து இதைவிடக் கேவலமாகத் திட்ட ஒரு வார்த்தை தமிழில் கிடையாது.

மறுநாள் விடிந்ததும் ஆவுடைநாயகம் வெண்பொங்கல் வைத்தார். உப்பு காட்டிக்கொடுக்கும், புளி காட்டிக்கொடுக்கும், மிளகு ஒருநாளும் காட்டிக்கொடுக்காது என்று அவருக்கு ஒரு கணக்கு; பொங்கலில் மிளகு கூடிப்போச்சு என்று கல்யாணப் பந்தியில் ஒருத்தராவது குறை சொல்லிக் கேட்டதில்லையே. அந்தத் தைரியத்தில் நெய் காய்ந்ததும் ஒரு கை போட்டார். வாசம் வந்ததா வரவில்லையா என்று மூக்கு சொல்லாததால் இன்னொரு கை போட்டார். சந்தேகத்துக்கு மூன்றாவது கையும் போட்டார். ஐந்நூறு பேருக்கான மிளகு பதினெட்டுப் பேருக்கான நெய்யில் வெடித்துப் புரண்டு பொரிந்தது. அந்த வாசம் கார்மேலாவின் அடுப்படி ஜன்னல் வழியே வெளியேறி, எலுமிச்சை மரத்தைத் தாண்டி, மாதா கோயில் வாசலில் கும்பிட்டுக்கொண்டிருந்த கிழவியைத் தும்மவைத்து, நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஒவ்வொன்றாக இறங்கி, பழைய துறைமுகத்தில் தண்ணீருக்கு அடியில் பாசி பிடித்துக் கிடக்கும் கல் மேடைவரைக்கும் போய் அங்கே நின்றது. தீவிலேயே அந்த வாசம் தெரியாத ஒரே ஆள் அதைக் கிளப்பிவிட்டவர்தான்.

பொங்கலைப் பரிமாறிக்கொண்டிருக்கும்போது, படியேறி ஒருவர் வந்தார். நாற்பது நாற்பத்தைந்து வயசிருக்கும். கட்டையான உருவம், சுருட்டைத் தாடி, முழங்காலுக்கு மேல் நிற்கும் நனைந்த அங்கி, இடுப்பில் ஒரு கயிறு. நடந்த இடமெல்லாம் உப்புத் தண்ணீர் சொட்டியது. ஒருத்தரையும் ஒன்றும் கேட்காமல் மேஜையில் காலியாக இருந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கார்மேலா அவரை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தாள். காலுக்குக் கீழே தரைத்துணி ஒன்றைப் போட்டாள். முன்னால் ஒரு தட்டை வைத்தாள்.

"பயப்பிடாதேங்கோ," என்றாள் யோகமலர். "இஞ்ச இது வழமைதான். அவர் பழைய ஆள்."

"எவ்வளவு பழைய ஆளும்மா?" என்று கேட்டாள் செண்பகவடிவு.

"ஆர் கண்டது. ரெண்டாயிரம் வரியம் இருக்கும். ஏதாவது ஒண்டுக்குக் காத்துக்கொண்டு இருந்து செத்துப்போனவை, அந்தச் சாமான்ர வாசமோ சத்தமோ வந்தால் எழும்பி வருவினம். போன வரியம் ஒரு சிப்பாய் வந்தவர், செருப்பின்ர மற்றக் காலைத் தேடிக்கொண்டு. அதுக்கு முன்னம் ஒரு பொம்பிளை, தன்ர கலியாணத்தில ஆட ஆளில்லையெண்டு. தபால்காரர்தான் ஆடிவிட்டவர். பொங்கலைப் போடுங்கோ அண்ணை, அவர் பாத்துக்கொண்டிருக்கிறார்."

ஆவுடைநாயகம் போட்டார். வந்தவர் ஒரு கவளம் வாயில் வைத்தார். வைத்ததும் கண்ணை மூடினார். மூடிய கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கித் தாடியில் ஓடியது. அது மிளகுக் காரத்தாலா இரண்டாயிரம் வருஷத்தாலா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. பிறகு கண்ணைத் திறந்து, ஆவுடைநாயகத்தை நேராகப் பார்த்து, இரண்டு உள்ளங்கைகளையும் மேல்நோக்கி விரித்து ஏந்தினார். வலது கை மெல்லத் தாழ்ந்தது, இடது கை உயர்ந்தது. தராசில் ஒரு தட்டு கனத்து இறங்குகிற மாதிரி. பாத்திரத்தைக் காட்டினார், உப்புக் கிண்ணத்தைக் காட்டினார், இடது கையை ஆட்டினார். உப்புக் குறைவு.

ஆவுடைநாயகம் ஒரு சிட்டிகை போட்டுக் கிண்டிக் கொடுத்தார். கைகள் இரண்டும் அசையாமல் ஒரே மட்டத்தில் நின்றன.

அன்றைக்குப் பொங்கல் மூன்றுதரம் கேட்டு வாங்கப்பட்டது. காரம் தலைக்கேறி மூக்கைச் சிந்திச் சிந்திச் சாப்பிட்டார்கள். குற்றாலலிங்கம் ஏப்பம் விட்டு, "இது பொங்கல்," என்றார். அவர் வாயில் அது மகுடம்.

வந்தவரை ஊர் தனக்குள் எடுத்துக்கொண்டதை எழுதினால் அதுவே ஒரு புராணம் ஆகும். பத்து மணிக்கு நகரசபைக் குமாஸ்தா வந்து, பெயர் என்ற இடத்தில் ஒரு கோடும் பிறந்த தேதி என்ற இடத்தில் ஒரு கோடும் போட்டு, தற்காலிகக் குடியிருப்பாளர் அட்டை ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். முடிதிருத்துபவர் தாடியைச் சீர்பண்ணினார், தாடியிலிருந்து விழுந்த இரண்டு சின்ன நண்டுகளை வாளியில் பிடித்துத் திரும்பக் கடலில் விடச் சொன்னார். பழைய கிரேக்கம் படித்த பாதிரியார் வந்து அரைமணி நேரம் பேசிவிட்டு, இவர் துறைமுகத்தில் சரக்கு நிறுக்கிறவராக இருந்தவர், துறைப்படிகளை இப்படி உடையவிட்டிருக்கிறீர்களே என்று கோபித்துக்கொள்கிறார், அவர் சொல்வது நியாயம் என்று சொல்லிப் போனார். மறுநாளே இரண்டு கொத்தனார்கள் படியைப் பூச ஆரம்பித்தார்கள். சுற்றுலா பஸ் ஓட்டுநர் மட்டும், பத்தொன்பதாவது ஆளுக்கு இருக்கை கிடையாது என்று முரண்டுபிடித்தார். குமாஸ்தா கொடுத்த அட்டையைக் காட்டியதும் மடக்கு நாற்காலி ஒன்று போட்டுக்கொடுத்தார்.

வரலாற்று வட்டத்துக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. தோண்டி எடுத்த ஓட்டுச் சில்லுக்கே இரவு பகலாகக் கட்டுரை எழுதுகிறவர்கள். ஆளே எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து அப்பளம் நொறுக்குகிறார் என்றால் சும்மா இருப்பார்களா? பாதிரியாரையும் யோகமலரையும் நடுவில் வைத்துக்கொண்டு குற்றாலலிங்கம் நாற்பத்திரண்டு கேள்விகள் கேட்டார். உங்கள் காலத்துச் சக்கரவர்த்தி யார்? தெரியாது, காசில் ஒரு தலை இருக்கும், மூக்கு பெரிசு. மிளகு எந்தத் தேசத்திலிருந்து வந்தது? கப்பலிலிருந்து வந்தது. கொற்கை என்ற பட்டினத்தைக் கேள்விப்பட்டதுண்டா? இல்லை. முத்து வருமா? அது அடுத்த மேடை, அங்கே போய்க் கேளுங்கள். சரி, உங்கள் காலத்தில் நடந்த முக்கியமான விஷயம் என்ன? வந்தவர் இதற்கு மட்டும் ரொம்ப நேரம் யோசித்தார். எடைக்கல் ஒன்றில் ஒருவன் ஈயத்தைச் சுரண்டிவிட்டான், நான் கண்டுபிடித்தேன் என்றார்.

குற்றாலலிங்கம் நோட்டை மூடினார். ஆனாலும் அவருக்கு அந்த ஆள்மேல் மதிப்புத்தான் கூடியது. சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்ததைக் கண்டுபிடித்த கதை அவரிடமும் ஒன்று இருந்தது. எங்கள் ஊரில் பலசரக்குக் கடையில் நிறுத்துக் கொடுப்பவர் எல்லாரும் அண்ணாச்சி, இவரும் அதுதான் என்று செண்பகவடிவு சொல்ல, அன்றிலிருந்து அவர் யவன அண்ணாச்சி ஆனார். சாந்தலூமியாக்காரர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்தார்கள். காய்கறிக்காரி தெருவின் அந்தக் கோடியிலிருந்து "அண்ணாச்சீ" என்று இழுத்துக் கூப்பிட்டால் திருநெல்வேலி ரதவீதியில் நிற்பதுபோலவே இருந்தது.

ஆவுடைநாயகத்துக்கோ அது பொற்காலம். அடுப்படி ஜன்னலுக்கு வெளியே யவன அண்ணாச்சி ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். இவர் கரண்டியை நீட்டுவார், அவர் வாயில் வைத்துக் கைகளை ஏந்துவார். புளி தூக்கலா, உப்பு மட்டமா, தேங்காய் காணுமா, எல்லாம் அந்த இரண்டு உள்ளங்கையில் ஏறி இறங்கித் தெரிந்துவிடும். இரண்டு மட்டமாக நின்றால் இறக்கிவிடலாம். சொதி, அவியல், உளுந்தஞ்சோறு, எள்ளுத் துவையல் என்று ஒன்றையொன்று மிஞ்சி வந்தது. கோட்டை பார்க்கப் போனவர்கள் மத்தியானச் சாப்பாட்டுக்காகக் கோட்டையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். கார்மேலா தன் பங்குக்கு அவியலை ரொட்டிமேல் போட்டுச் சாப்பிட்டாள். ஆவுடைநாயகம் ஒரு பாட்டைக்கூட முணுமுணுத்தார். மனசு நிறைந்திருந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது?

அண்ணாச்சி வந்த நாலாம் நாள்தான் தராசுகள் நின்றன.

முதலில் மீன்கடைத் தராசு. மீனை வைத்தாலும் கல்லை வைத்தாலும் முள் நகரவில்லை. அப்புறம் ரொட்டிக்கடை, காய்கறிக்கடை, தபாலாபீஸ், மருந்துக்கடை. தீவில் இருந்த எல்லாத் தராசும் எதற்கோ காத்திருக்கிற மாதிரி அசையாமல் நின்றுவிட்டன. ஊர் இதற்கும் அலட்டிக்கொள்ளவில்லை. மீன்காரன் கண்மதிப்பில் கொடுத்தான், கண்மதிப்பு எப்போதும் கொஞ்சம் தாராளம்தான். வாங்கியவர்கள் வீட்டில் மீன் மிஞ்சியது, மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்கள், இரண்டு குடும்பங்கள் பழைய சண்டையை அதில் மறந்துபோயின. ஆனால் ஆஸ்பத்திரியில் பிள்ளை நிறுக்கிற தராசும் நின்றுபோனதை யாரும் வேடிக்கையாகப் பேசவில்லை.

அன்று மத்தியானத்துக்கு மேல் யோகமலர் அடுப்படிக்கு வந்தாள். கதவோரமாகவே நின்றாள்.

"அண்ணை, பாதிரியார் சொன்னவர். அண்ணாச்சி மிளகுக் கப்பலுக்காகக் காத்துக்கொண்டு நிண்டவராம். வருமெண்ட கப்பல் வரேல்லையாம். மிளகு நிறுத்து முடிச்சாத்தான் போவாராம், அதுவரைக்கும் ஊர்த் தராசெல்லாம் அவரோட சேந்து காத்துக்கொண்டிருக்குமாம். உங்களிட்ட மிளகு மிச்சம் கிடக்கோ?"

அரிசிச் சாக்குக்குப் பின்னால் இரண்டு கிலோவுக்கு மேல் மிளகு ஒரு துணிப்பையில் இருந்தது. ஆவுடைநாயகத்தின் கண் அந்தப் பக்கம் போகப் பார்த்தது, அவர் போகவிடவில்லை.

"தீந்துபோச்சும்மா," என்றார். "அந்தப் பொங்கலோட தீந்துபோச்சு."

"சரி அண்ணை." அவள் போகத் திரும்பினாள். "பிள்ளை பால் குடிக்குது. ஏறுதோ இறங்குதோ எண்டுதான் தெரியேல்ல. தூக்கிப் பாத்தால் கையில நிக்குதில்லை."

அவள் போனபிறகு ஆவுடைநாயகம் அரிசி களைந்தார். களைந்த அரிசியையே திரும்பவும் களைந்தார். அவர் மனசுக்குள் ஒரு வக்கீல் உட்கார்ந்து வாதாடினான்: இன்னும் ஐந்து நாள்தானே, கிளம்புகிற அன்றைக்குக் கொடுத்துவிட்டுப் போனால் என்ன, இரண்டாயிரம் வருஷம் காத்திருந்தவருக்கு ஐந்து நாள் ஒரு கணக்கா, மூவாயிரம் இலைக் கல்யாணம் நாக்கு நுனியில் நிற்கிறதே. வக்கீல் நன்றாகத்தான் பேசினான். ஆனால் சாயங்காலம் தண்ணீர் கொட்ட வெளியே வந்தபோது, பூசி முடித்த துறைப்படியின் கடைசிப் படியில் யவன அண்ணாச்சி நிற்பதைப் பார்த்தார். தினமும் இந்த நேரத்துக்கு அங்கேதான் போய் நிற்பார் என்று ஊருக்கே தெரியும். ஆவுடைநாயகம் அப்போதுதான் பார்த்தார். கடலைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் ஏந்தியபடி நின்றார். இரண்டும் வெறும் கை, இரண்டும் மட்டமாக, ஒன்றும் இல்லாததற்கும் ஒன்றும் இல்லாததற்கும் நடுவில் நின்றன. திரும்பியவர் இவர் தலையைக் கண்டதும் கள்ளமில்லாமல் சிரித்தார். ஆவுடைநாயகத்துக்கு அழுகை வந்தது.

மறுநாள் காலை, இட்லி முடிந்த கையோடு, அவர் துணிப்பையை எடுத்துக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டு படியையும் இறங்கினார். வழியில் யோகமலர் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"பொய் சொல்லிட்டேம்மா," என்றார். "மிளகு இருக்கு."

"தெரியும் அண்ணை. ரெண்டு நாளைக்கு முன்னம் அரிசிச் சாக்கை நகர்த்திக் கூட்டினது நான்தானே," என்றாள் அவள். "போங்கோ, நானும் வாறன்."

அவர்கள் இறங்குவதைப் பார்த்து மீன்காரன் இறங்கினான், காய்கறிக்காரி இறங்கினாள், பாதிரியார் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினார், கோட்டைக்குக் கிளம்பிய வரலாற்று வட்டம் பஸ்ஸிலிருந்து இறங்கி முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியிலும் இறங்கியது. ஆவுடைநாயகம் பையின் வாயை அவிழ்த்து யவன அண்ணாச்சியின் முன்னால் வைத்தார்.

யவன அண்ணாச்சி அவசரப்படவே இல்லை. இரண்டாயிரம் வருஷம் காத்திருந்த ஆள் பாய்ந்து அள்ளுவார் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். கையை அங்கியில் துடைத்தார். ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பி வெயிலில் பார்த்தார். இரண்டு காம்பையும் ஒரு சின்னக் கல்லையும் பொறுக்கி எடுத்து, ஆவுடைநாயகத்தைக் கொஞ்சம் கடுமையாகப் பார்த்துவிட்டு எறிந்தார். பிறகு பிடி பிடியாக, வலது கையில் மிளகும் இடது கையில் அவருக்கு மட்டும் தெரிந்த ஏதோ ஒரு கல்லுமாக, நிறுக்க ஆரம்பித்தார். ஒவ்வொரு பிடிக்கும் கைகள் ஏறி இறங்கி மட்டத்துக்கு வரும்வரை ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பை காலியானதும் எல்லாவற்றையும் திரும்பப் பைக்குள் போட்டுக் கட்டி, பாதிரியாரிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"சரியாக இருக்கிறதாம்," என்று யோகமலர் வாயிலாகப் பாதிரியார் சொன்னார். "கப்பல்காரரிடம் சொல்லிவிடச் சொல்கிறார்."

"நான் கப்பக்காரன் இல்லையே," என்றார் ஆவுடைநாயகம்.

"பரவாயில்லை," என்றார் பாதிரியார்.

யவன அண்ணாச்சி பையைத் தோளில் போட்டுக்கொண்டு புதுப்படியில் இறங்கினார். முழங்கால், இடுப்பு, தோள், தலை. தண்ணீர் அவருக்கு மேல் மூடியது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிற ஆள் எதற்குத் திரும்பிப் பார்க்கிறார்? அதே நேரத்தில் மேலே ஊர் முழுக்க, கடைக்குக் கடை, தராசு முட்கள் ஒரு துள்ளுத் துள்ளி அவையவை இடத்துக்கு வந்தன. யோகமலர் நூற்றுப் பன்னிரண்டு படியையும் ஒரே ஓட்டமாக ஏறினாள். பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போட்ட கூச்சல் துறைமுகம்வரை கேட்டது. பிள்ளை பிறந்த எடைக்கு மேல் நூற்று எண்பது கிராம் ஏறியிருந்தது.

ஆவுடைநாயகம் அடுப்படிக்கு வந்தார். ஜன்னலுக்கு வெளியே ஸ்டூல் காலியாகக் கிடந்தது. புளிக்குழம்பு வைத்தார். கொதித்தது. கரண்டியை விட்டுக் கலக்கினார், எடுத்தார், அதைப் பார்த்துக்கொண்டே ரொம்ப நேரம் நின்றார். பிறகு அடுப்பைத் தணித்துவிட்டு, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பதினெட்டுப் பேரும் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கூடத்துக்குப் போனார்.

"ஒரு விஷயம் சொல்லணும்," என்றார். குரல் அவர் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. "எனக்கு நாக்கு இல்ல. மூக்கும் இல்ல. வந்த அன்னைக்கு நீங்க குடிச்ச சாம்பார்தான் என் சொந்தச் சாம்பார். அப்புறம் சாப்பிட்டதெல்லாம் யவன அண்ணாச்சி நாக்கு. இன்னைக்குக் குழம்பு கொதிச்சு நிக்கி. உப்பு இருக்கா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

குற்றாலலிங்கம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எவ்வளவு நாளா?"

"ரெண்டு வருஷம் ஆவுதுய்யா."

"அப்ப போன ஆவணில எந் தம்பி வீட்டுக் கல்யாணத்துல வச்ச அவியல்?"

"அது உலகம்மா நாக்கு."

"அந்த மாங்காப் பச்சடி?"

"அதுவும் அவதான். பின்னாடி நின்னு சாடை காட்டுவா. கை என் கையி. ருசி அவ ருசி."

குற்றாலலிங்கம் கண்ணாடியை வேட்டி நுனியில் துடைத்தார். ஒரு கண்ணாடி துடைக்க ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அவ்வளவுக்கும் மேல் துடைத்தார்.

"வேய்," என்றார் கடைசியில், கோபமாகவே. "இத்தன நாளா அந்தப் பொம்பளையப் பின்னாடி நிக்க வச்சிருக்கீரே, வெக்கமா இல்ல உமக்கு? தையில அவளுக்கும் சேத்து ரெண்டு தாம்பாளமா வெத்தல பாக்கு வைக்கேன். முன்னாடி வந்து நிக்கச் சொல்லும். இப்ப குழம்பு எங்க?"

ஆவுடைநாயகம் கதவைப் பிடித்துக்கொண்டார். அவர் நகர்வதற்குள் பதினெட்டுப் பேரும் எழுந்து அடுப்படிக்குள் நுழைந்துவிட்டார்கள். ஆளுக்கொரு ஸ்பூனை எடுத்தார்கள். குற்றாலலிங்கம் உப்புக் கம்மி என்றார். செண்பகவடிவு, உப்பு சரிதான், புளிதான் தூக்கல், கொஞ்சம் வெல்லம் போடணும் என்றாள். வெல்லமா, குழம்புல வெல்லம் போடுறது எந்த ஊர்ப் பழக்கம் என்று ஒருவர் சண்டைக்கு நின்றார். காரம் பத்தாது என்றார் ஒருவர், காரம் கண்ணைக் கட்டுது என்றார் இன்னொருவர். பேத்தியை மார்போடு அணைத்தபடி வந்த யோகமலர் தொட்டு வைத்துப் பார்த்து, இதுக்குள்ள தேங்காய்ப்பால் விட்டால் நல்லாயிருக்கும் என்றாள். அவளைப் பதினெட்டுப் பேரும் ஒரே குரலில் மறுத்தார்கள். கார்மேலா எதுவும் புரியாமல் ரொட்டியைக் கிள்ளிக் குழம்பில் தோய்த்துத் தின்றுகொண்டே இருந்தாள். சண்டை முற்றி, கைக்குக் கை உப்பும் வெல்லமும் விழுந்து, குழம்பு என்ன ஆயிற்று என்று ஆண்டவனுக்கே தெரியாத நிலையில், செண்பகவடிவு திரும்பி, எல்லாருக்கும் பின்னால் சுவரில் சாய்ந்து நின்ற ஆவுடைநாயகத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்களே சொல்லுங்க அண்ணாச்சி, குழம்பு நல்லா இருக்கா இல்லையா?"

"எனக்கு எப்பிடி டீச்சர் தெரியும்?" என்றார் ஆவுடைநாயகம். இரண்டு வருஷமாக வாய்க்குள் அடைத்துவைத்திருந்த அந்த ஒரு வாக்கியத்தை அத்தனை பேர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.